காதுகளுக்கு நடுவே ஏழு ஆட்டம்

அவரை எல்லாரும் சாவிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பூட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவர். தோள்பையில் கிடக்கும் நீளக் கைப்பிடிக் கருவியைச் சாவி என்பார். கம்பி சுற்றிய ஆணியில் அதை மாட்டி மயிரிழை அளவு திருப்புவதுதான் வேலை. பள்ளிக்கூடம், ஓட்டல் கூடம், நடன வகுப்பு, வீடுகள் என்று முப்பது வருஷமாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

பியானோவில் பெரும்பாலும் ஒரு ஸ்வரத்துக்கு மூன்று கம்பி. இரண்டு கம்பி கொஞ்சம் பிசகியிருந்தால் சத்தம் நேராக வராது, வௌ வௌ வௌ என்று அலையும். அதை அவர் ஆட்டம் என்பார். சாவியைத் திருப்பத் திருப்ப ஆட்டம் நிதானமாகி, இன்னும் நிதானமாகி, சட்டென்று நின்றுவிடும். அப்போது கம்பிகள் சேர்ந்துவிட்டன என்று அர்த்தம்.

தொல்லை என்னவென்றால், வீட்டுக்கு வந்த பிறகும் காது வேலையை விடவில்லை. ஃப்ரிட்ஜும் மின்விசிறியும் சேர்ந்து ஆடினால், சாப்பாட்டுக்கு நடுவே எழுந்துபோய் விசிறியின் வேகத்தை மாற்றுவார். டிவி பார்க்கும்போது வலது கை இல்லாத சாவியைத் திருகிக்கொண்டிருக்கும். பள்ளி நூலகத்தில் வேலை பார்த்த அவர் மனைவிக்கு அமைதிதான் பிழைப்பு. ஒருநாள் பொறுமை போய்விட்டது.

"உங்க தங்கச்சிகிட்ட போய் ஒரு மணி நேரம் படுத்துட்டு வாங்க. உங்களுக்குப் பலன் இருக்கோ இல்லையோ, எனக்கு நிச்சயம் இருக்கும்."

தங்கை, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை எடுத்திருந்தாள். சாய்வு நாற்காலி ஆறு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெட்போன். இடது காதில் ஒரு சத்தம், வலது காதில் அதைவிடக் கொஞ்சம் உயர்ந்த சத்தம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மூளையே ஒரு துடிப்பாகக் கேட்கும், மூளையின் இரண்டு பாதியும் அந்தத் துடிப்போடு ஒத்துப்போகும், மனசு வேறொரு நிலைக்குப் போகும் என்று அவள் போன பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். 'மூளையின் இரு பாதிகளும் ஒன்றாகும் இடம்' என்று சுவரில் பலகையும் மாட்டியிருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை மதியம் சாவிக்காரர் போய்ப் படுத்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்னம்மா இது, ரெண்டும் சேரவே இல்லையே! நொடிக்கு ஏழு ஆட்டம் ஆடுது."

"சேரக்கூடாதுண்ணா. அந்த ஏழுதான் விஷயமே. பேசாம படு."

"படுத்தா கை அரிக்குது."

மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார்கள். மறுபடி சாய்ந்தவர், தொழில்புத்தியில் இடது காதிலிருந்து ஹெட்போனை நகர்த்தினார். ஆட்டம் காணாமல் போனது. வலது காதில் ஒரே ஒரு சத்தம், கோடு போட்ட மாதிரி நேராக. மறுபடி மாட்டினார், ஆட்டம் வந்தது. இன்னொரு காதிலிருந்து நகர்த்திப் பார்த்தார், அப்போதும் போனது.

அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆட்டம் என்பது காற்றில் இருப்பது, கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே இருப்பது என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். இது காற்றில் இல்லை. இரண்டு காதுக்கு நடுவே, அவருக்குள்ளேதான் நடக்கிறது. திருப்ப அங்கே ஆணி இல்லை.

வாராவாரம் போனார். மூன்றாவது வாரம், நாற்காலிக் கைப்பிடியில் கிடந்த வலது கை அசையாமல் இருப்பதைக் கவனித்தார். பிறகு அதையும் கவனிக்கவில்லை. உடம்பு எங்கே முடிகிறது, நாற்காலி எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாத ஒரு விரிவு. தூக்கமில்லை, கீழே கடைக்காரர் யாருக்கோ எழுத்து வாசிக்கச் சொல்வதுகூடக் கேட்டது. ஆனால் அதைச் சரிசெய்ய வேண்டும் என்று தோன்றவில்லை. தங்கை தோளைத் தொட்டபோது பத்து நிமிஷம் ஆனதாக நினைத்தார். ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அங்கே வழக்கமாக வரும் பஸ் டிரைவர் ஒருவர் நாலாம் நாற்காலியைத் தவிர வேறெதிலும் உட்கார மாட்டார். "சார், மத்ததெல்லாம் டவுன் பஸ், இது ஃப்ளைட்டு" என்பார். டிரைவர் லீவு போட்ட ஒரு வியாழன், சாவிக்காரர் ஆசையாக அதில் சாய்ந்தார். பழக்கத்தில் ஒரு காதிலிருந்து ஹெட்போனை நகர்த்தினார். ஆட்டம் நிற்கவில்லை.

ஹெட்போன் செருகும் இடத்தைப் பிரித்துப் பார்த்தார். இரண்டு ஒயரும் ஒன்றாகச் சேர்ந்துகிடந்தன. இரண்டு சத்தமும் கலந்து இரண்டு காதுக்கும் போயிருக்கிறது. மூளை எதையும் உண்டாக்க வேண்டியிருக்கவில்லை. அது அவருக்குப் பழக்கமான சாதாரணக் கம்பி ஆட்டம்.

எல்லாரும் போன பிறகு தங்கையிடம் சொன்னார். அவள் முகம் தொங்கிப்போனது. வந்தவர்கள் அனுபவத்தை எழுதிவைக்கும் நோட்டை எடுத்துப் புரட்டினாள். "மிதந்தேன்", "ரொம்ப நாள் கழிச்சு அழுதேன்", "கோபம் போயிடுச்சு". பாதிக்கு மேல் நாலாம் நாற்காலிக்காரர்கள் எழுதியது.

"அப்போ ரெண்டு வருஷமா நான் எல்லாரையும் ஏமாத்திட்டு இருந்தேனாண்ணா?"

"தெரிஞ்சு செஞ்சாத்தானே ஏமாத்து? எனக்கு மூளையைப் பத்தி ஒன்னும் தெரியாது. ஒயர் தப்பு, அது தெரியும். இங்க வந்து படுத்தா நல்லா இருக்கு, அதுவும் தெரியும்."

அடுத்த வாரம் எல்லாரையும் உட்காரவைத்து நடந்ததைச் சொன்னாள். மறைக்க அவளுக்கு மனசு வரவில்லை. டிரைவர்தான் பதறினார்.

"மேடம், ரிப்பேர் கிப்பேர் பண்ணிடலையே?"

"இன்னும் இல்லை."

"கையெடுத்துக் கும்பிடறேன், அப்படியே விடுங்க!"

அப்படியே விட்டாள். யாரும் வருவதை நிறுத்தவில்லை, இரண்டு பேர் புதிதாகவும் வந்தார்கள். பழைய பலகையை மட்டும் கழற்றிவிட்டு, 'ஒரு மணி நேரம் சத்தம் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும் இடம்' என்று எழுதி மாட்டினாள். சாவிக்காரர் ஒன்றாம் நாற்காலிக்கே திரும்பினார். தனக்குள் மட்டும் நடக்கும் அந்த ஆட்டம்தான் அவருக்குப் பிடித்திருந்தது.

இந்த வருஷம் மனைவி நூலகத்திலிருந்து ஓய்வு பெற்றாள். "என்னதான் இருக்குன்னு நானும் பாக்கறேன்" என்று வந்து ஆறாம் நாற்காலியில் சாய்ந்தாள். மூன்றே நிமிஷத்தில் குறட்டை. ஹெட்போனையும் தாண்டி அறை முழுக்கக் கேட்டது. ஃப்ளைட்டில் போய்க்கொண்டிருந்த டிரைவர் தரையிறங்கிவிட்டார்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க, நீங்க வெள்ளிக்கிழமை வாங்க" என்றாள் தங்கை. அன்றைக்கு வேறு யாரும் வருவதில்லை.

அதனால் சாவிக்காரர் இப்போது வாரத்தில் இரண்டு நாள் அந்த மாடிப்படி ஏறுகிறார். வெள்ளிக்கிழமை ஹெட்போன் மாட்டுவதில்லை. மனைவிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறார். தங்கை இரண்டு டீ போட்டு எடுத்து வருகிறாள்.