பெரியத்தா மறைக்கச் சொன்ன ரிசல்ட்

குரோம்பேட்டையில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது அந்த அறை. அப்போது நான் நான்காம் வகுப்பு. சில சனிக்கிழமைகள் என்னை அங்கே உட்காரவைத்துப் படிக்கச் சொல்லி, எழுதச் சொல்லி, கட்டைகளை அடுக்கச் சொல்லிப் பார்த்த சைக்காலஜிஸ்ட் அக்கா, ரிசல்ட் சொல்ல எங்களை வரச் சொல்லியிருந்தார்.

ரிசல்ட் என்றாலே அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்வேன். ‘பள்ளி’ என்று எழுதச் சொன்னால் ‘பளிள்’ என்று எழுதுகிறவள் நான். ஆனால் அக்கா, அத்தாவையும் அம்மாவையும் வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டு முதலில் என்னிடம்தான் பேசினார்.

“உனக்கு டிஸ்லெக்ஸியா இருக்கு. உன் மூளை நல்லாத்தான் வேலை செய்யுது. படிக்க, எழுத மட்டும் வேற மாதிரி சொல்லிக் கொடுக்கணும், டைம் கொஞ்சம் கூட வேணும். நீ சோம்பேறி இல்ல.”

பெரியவர்களுக்கு முன்பே என் காதுக்கு வந்த முதல் செய்தி அது. அந்தப் பெயரும் எனக்குப் பிடித்துப்போயிற்று. எங்கள் தெருவில் வேறு யாருக்கும் அது இல்லை.

பிறகு அவர்களை உள்ளே அழைத்தார். மேற்குத் தாம்பரத்தில் செருப்புக் கடை வைத்திருந்த அத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இதுக்கு மாத்திரை எதனா இருக்கா மேடம்?” என்றார். அம்மாவோ, முந்தின நாள் ஹோம்வொர்க்கின்போது என் கையில் ஸ்கேலால் அடித்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“ஸ்கூல்லயும் சொல்லிடுங்க,” என்றார் அக்கா. “எல்லார் முன்னாடியும் எழுப்பிப் படிக்கச் சொல்லக் கூடாது.”

அன்று மாலை பெரியத்தா வந்தார். அத்தாவின் அண்ணன், எங்கள் வீட்டு முடிவுகளெல்லாம் அவருடையவை. “பொட்டப்புள்ள. இப்படி ஒரு பேர வெளியில சொன்னா நாளைக்கு எவன்டா கட்டுவான்? ஸ்கூலுக்குத் தெரியவே கூடாது” என்றாராம். அத்தா தலையாட்டினாராம். ரிப்போர்ட் பீரோவுக்குள் போனது. மாடியில் விளையாடிக்கொண்டிருந்த என்னிடம் இது ரகசியம் என்று சொல்ல மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை தமிழ் பீரியடில் மிஸ் என்னைப் படிக்க எழுப்பினார். வழக்கமாக அழுவேன். அன்று நிமிர்ந்து நின்று, “மிஸ், எனக்கு டிஸ்லெக்ஸியா. என்னை எழுப்பக் கூடாது” என்றேன். பக்கத்தில் இருந்த பெண் தன் பையை நகர்த்திக்கொண்டு, “ஒட்டிக்குமா மிஸ்?” என்று கேட்டாள். திமிர் ஏறிப்போச்சு என்று சொன்ன மிஸ், அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார்.

நான் வந்து சொன்னதும் அம்மா சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றாள். திட்டவில்லை. மறுநாள் அத்தா கடைக்குப் போனதும் புர்காவைப் போட்டுக்கொண்டு பீரோவைத் திறந்தாள்.

நாங்கள் போனபோது ஆசிரியர் அறையில் மிஸ் மட்டும்தான் இருந்தார். ரிப்போர்ட்டை அவர் முன் வைத்துவிட்டு அம்மா ஒரே மூச்சில் பேசினாள்.

“இவ திமிரு பண்ணல மிஸ். நானும் அப்படி நெனச்சித்தான் அடிச்சிருக்கேன். உங்ககிட்ட காட்டக் கூடாதுன்னு வூட்ல சொல்லிட்டாங்க. மனசு கேக்கல, கொண்டாந்துட்டேன்.”

மிஸ் வேண்டாவெறுப்பாகத்தான் புரட்ட ஆரம்பித்தார். ஒரு பக்கத்தில் கை நின்றது. அதையே மறுபடி படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“வாயால கேட்டா எல்லாம் சொல்றது, எழுதச் சொன்னா மட்டும் எதனா சாக்கு சொல்லி ஓடுறது… அதுவும் இதனாலதானா?”

“அப்படித்தான் சொன்னாங்க மிஸ்.”

மிஸ்ஸின் குரல் இறங்கியது. “அந்த மேடம் நம்பர் குடுங்க. எட்டாவது படிக்கிற பசங்களையும் பாப்பாங்களா?”

 அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “பாப்பாங்க மிஸ்” என்றாள்.

அதன் பிறகு மிஸ் என்னை எழுப்பவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துப் படிக்கவைத்தார். விஷயம் தெரிந்ததும் பெரியத்தா கொஞ்ச நாள் எங்கள் வீட்டுப்பக்கமே வரவில்லை.

ஆனால் ரிப்போர்ட்டைக் காட்டிவிட்டு அன்று திரும்பும்போது, மார்க்கெட் நெரிசலில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதபடியே வந்தேன்.

“மிஸ் அந்த அக்காவுக்கு போன் பண்ணி என்னைப் பத்திக் கம்ப்ளெயின்ட் பண்ணப் போறாங்களாம்மா?”

“இல்லடி. மிஸ்ஸுக்கு ஒரு பையன் இருக்கான்.”

எல்லார் வீட்டிலும்தான் பையன் இருக்கிறான், அதற்கு எதற்கு அக்காவின் நம்பர் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.