வருமோ வராதோ கொப்பி

பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது என் தொழில். வருமா வராதா என்று சொல்வது என் தொழிலில்லை, ஆனால் என் கடைப்படி ஏறுகிற எல்லோரும் அதைக் கேட்கத்தான் ஏறுகிறார்கள்.

கடை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியோடு இருக்கிறது. உங்கள் வீட்டில் கணிதப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளை இருந்தால் உங்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம், நீங்களும் பட்டவர்கள்தான். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பெறுபேற்றோடு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் வரும், தசமத்துக்குப் பின் நாலு இலக்கத்தோடு. அதுதான் இசட் புள்ளி. ஒரு மாவட்டத்திலிருந்து பொறியியலுக்குக் கடைசியாக உள்ளே போன பிள்ளையின் எண் அந்த வருட வெட்டுப்புள்ளி. அதற்கு மேலே நின்றால் பொறியியலாளர். நாலாவது இலக்கத்தில் கீழே நின்றால் வேறு யாரோ. வேடிக்கை என்னவென்றால், விண்ணப்பம் அனுப்பிப் பல மாதம் கழித்துத்தான் வெட்டுப்புள்ளி வெளியாகும். அதுவரை நாடே ஊகத்தில் வாழ்கிறது. என்னிடம் ஒரு கொப்பி வாழ்கிறது.

வெங்காயக் கணக்கு

நீல மட்டை போட்ட கொப்பி. யாழ்ப்பாண மாவட்டத்துப் பொறியியல் வெட்டுப்புள்ளிகளை வருடம் வருடமாக அதில் எழுதி, அடிமட்டம் வைத்து வரைபும் கீறி வைத்திருந்தேன். ஆரம்பத்தில் என் சொந்த ஆவலுக்குத்தான். பிறகு ஊரில் அதற்கு ‘வருமோ வராதோ கொப்பி’ என்று பெயர் வந்துவிட்டது. பெயரை நான் வைக்கவில்லை, மறுக்கவுமில்லை.

ஒருமுறை புத்தூரிலிருந்து ஒரு தோட்டக்காரர் மகனுடைய பெறுபேற்றுத் தாளோடு வந்தார். மகனின் புள்ளி முந்திய வருட வெட்டுப்புள்ளிக்கு நன்றாகக் கீழே. நான் கொப்பியை விரித்து, சராசரி என்றால் என்ன, விலகல் என்றால் என்ன என்று தொடங்கி, பொறியியலை விண்ணப்பத்தில் எழுதுவது மைக்குக் கேடு என்பதுவரை விளக்கினேன். அவர் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “வெங்காயம் நடேக்கை எனக்கும் விலை தெரியாது தம்பி. அதுக்காக நடாமல் விடுறனே?”

அன்று முழுவதும் இதை வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

இரண்டாவது வரி

ஜெனிற்றா மயிலிட்டியிலிருந்து வந்த பிள்ளை. தகப்பனுக்குக் கடற்றொழில். மூன்றாவது தடவை சோதனை எழுதியிருந்தாள். நாலாவது தடவைக்கு விதியில் இடமில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே தன் படகு இஞ்சினைக் கழற்றிப் பூட்டியவள் என்றார் தகப்பன். பூட்டிய பிறகு ஒரு ஆணி மிச்சம் வந்ததாம். இஞ்சின் முன்னரைவிட நன்றாக ஓடியதாம். அந்த ஆணியை இன்னும் வைத்திருக்கிறாராம். பிள்ளை வெட்கப்பட்டு அவரைப் பார்த்தாள். அவளுக்குப் பொறியியல் வேண்டும், கிளிநொச்சிப் பீடமாக இருந்தாலும் போதும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

புள்ளியைப் பார்த்தேன். முந்திய வருட வெட்டுப்புள்ளிக்கு மயிரிழை கீழே. கொப்பியில் என் கோடு மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவள் விருப்ப ஒழுங்கில் பொறியியலை முதலாவதாகவும், பௌதிக விஞ்ஞானத்தை அடுத்ததாகவும் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். நான் அதைத் தலைகீழாக்கினேன். பௌதிக விஞ்ஞானம் உறுதி, ஆனால் அதை முதலாவதாக எழுதியவர்களுக்குத்தான் முதலில் கொடுப்பார்கள், வராத பொறியியலை மேலே போட்டால் வருகிறதும் கைநழுவும் என்றேன். இந்தத் தொழிலுக்கு வந்த காலந்தொட்டு ரியூசன் வாசல்களில் கேட்ட கதை அது. அத்தனை பேர் சொன்னதால் அது விதி என்றே இருந்துவிட்டேன்.

பொறியியலை இரண்டாவதாகப் போட்டாலும் பார்ப்பார்களா என்று அவள் ஒருமுறை கேட்டாள். பார்ப்பார்கள் என்றேன். அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள். தகப்பன்தான் முடித்துவைத்தார்: “சேர் சொல்லுறார், போடு பிள்ளை. எத்தினை பேருக்குப் போட்டுக் குடுத்த கை.”

கிளிநொச்சிக் காணி

விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முதல்நாள் ஒரு தாய் வந்தார். கையில் காணி உறுதிப் பத்திரம். மகன் யாழ்ப்பாணத்தில் பெயர்பெற்ற பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஆனால் கிளிநொச்சி மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி குறைவு என்று எங்கோ கேள்விப்பட்டிருக்கிறார். கிளிநொச்சியில் சீதனமாக வந்த ஒன்றரை ஏக்கர் இருப்பதால் மகனையும் அந்த மாவட்டத்துப் பிள்ளையாகப் பதியவேண்டும் என்றார்.

மாவட்டம் என்பது பிள்ளை படித்த பள்ளிக்கூடத்தை வைத்துத்தான், காணியை வைத்தல்ல என்று சொன்னேன். கூடவே, உறுதியில் வடக்கெல்லை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருப்பதையும் காட்டினேன். அவர் கேட்கவில்லை, எனக்குக் கண்ணில் பட்டது. அவர் உறுதியைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். “அப்ப இவ்வளவு காலமும் அந்தக் காணிக்கு வேலி அடைச்சது என்னத்துக்கு?” என்றார்.

ஒரு பந்தி

என் கடையில் அச்செடுப்பும் மட்டை கட்டுவதும் கலாவின் பொறுப்பு. பத்து வருடமாக என்னோடு வேலை செய்கிறார். முடிவுத் திகதி போய் இரண்டு கிழமையில், கூட்டம் வடிந்த ஒரு மத்தியானம், தன் அக்காவின் மகள் அடுத்த வருடம் எழுதப்போகிறாள் என்று அனுமதிக் கைந்நூலை எடுத்து வாசித்துக்கொண்டிருந்தார். நான் யாரோ ஒருவருடைய பெயரில் முதலெழுத்துக்குப் பின் புள்ளி வைக்கத் தவறியதைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

அவர் ஒரு பந்தியை உரக்க வாசித்தார். புள்ளிதான் கணக்கு. எந்தத் தெரிவை எத்தனையாவதாக எழுதினாலும் அதற்குள் போட்டி புள்ளியை வைத்துத்தான். உங்களுக்குக் கிடைக்கக்கூடியவற்றில் மேலே எழுதியது எதுவோ அதையே தருவார்கள். அதற்குக் கீழே பார்க்கமாட்டார்கள். அதாவது பொறியியலை முதல் வரியில் எழுதினால் ஒரு நட்டமுமில்லை. இரண்டாவது வரியில் எழுதினால், முதல் வரி உறுதியாகக் கிடைக்கிற பிள்ளைக்கு, அது எழுதாததற்குச் சமம்.

நூலை வாங்கி மூன்று தரம் வாசித்தேன். வசனம் தெளிவாகத்தான் இருந்தது, ஒற்றுப்பிழைகூட இல்லை. கலா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “மற்றவையின்ரை பிழையெல்லாம் பிடிப்பியள், நீங்கள் உதை வாசிக்கேல்லையோ அண்ணை?”

கோடு

ஜெனிற்றாவின் தொலைபேசி எண் விண்ணப்பப் பிரதியில் இருந்தது. எடுக்கவில்லை. ஒழுங்கை மாற்ற இனி வழியில்லை, சொல்லி என்ன பயன் என்று எனக்கே சமாதானம் சொன்னேன். அதற்குப் பதிலாக வேறொன்று செய்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. வெட்டுப்புள்ளி குறையவேண்டும் என்று ஊரெல்லாம் நேர்த்தி வைத்த அந்த மாதங்களில், அது உயரவேண்டும் என்று வேண்டிக்கொண்டவன் நான் ஒருவன்தான். உயர்ந்தால் அவளுக்கு எப்படியும் கிடைத்திராது. என் பிழை யாரையும் தொடாத பிழையாகிவிடும்.

வெட்டுப்புள்ளி வந்தது. என் கோடு காட்டிய திசையில் வரவில்லை, இறங்கியிருந்தது. ஜெனிற்றாவின் புள்ளிக்கு, இம்முறை, மயிரிழை கீழே. அவளுக்குக் கிடைத்தது பௌதிக விஞ்ஞானம்.

ஒரு கிழமை கழித்துப் பதிவுப் படிவம் அச்செடுக்க அவளே வந்தாள், தனியாக. தகப்பன் எங்கே என்று கேட்டேன். கடலுக்குப் போய்விட்டாராம், கம்பஸ் கிடைத்துவிட்டது என்று கரை முழுவதும் சொல்லித் திரிகிறாராம். பொறியியல் இல்லை என்பது அவருக்குத் தெரியும், எப்படித் தவறியது என்பது தெரியாது. கலா இயந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளே போனார். நான் கைந்நூலை விரித்து, அந்தப் பந்தியை அவள் பக்கம் திருப்பி, நடந்ததைச் சொன்னேன். பிழை என்னுடையது என்றும் சொன்னேன்.

அவள் பந்தியைப் பார்க்கவில்லை. படிவத்தின் மூலைகளைச் சேர்த்து மடித்துக்கொண்டிருந்தாள். கோபம் வந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். “எனக்குத் தெரியும் சேர்,” என்றாள். “அண்டைக்கு நான் அதை வாசிச்சுப்போட்டுத்தான் வந்தனான். நீங்கள் அப்பிடிச் சொன்னவுடனை, எனக்குத்தான் சரியா விளங்கேல்லையாக்கும் எண்டு நினைச்சிட்டன்.”

இப்போது யாராவது வருமோ வராதோ என்று கேட்டால், நீல மட்டைக் கொப்பியை எடுக்காமல், என்ன வேண்டும் என்று கேட்டு அதையே முதல் வரியில் எழுதிக் கொடுக்கிறேன், இந்தத் தொழிலுக்கு இவ்வளவு அறிவு போதும் என்பதை அறிய எனக்கு மயிலிட்டியிலிருந்து ஒரு பிள்ளை வரவேண்டியிருந்தது.