வாசல் ஓரத்துல லூர்து உட்கார்ந்த இடம்

அடக்கத்துக்கு வந்தவங்க: பங்குச் சாமியார், உபதேசியார், நான், என் வீட்டுக்காரர், குழி வெட்டின ரெண்டு பேர், மினி பஸ் கண்டக்டர், அப்புறம் செல்வி.

எட்டுப் பேர். எண்ணிட்டுத்தான் எழுதுறேன்.

லூர்துமேரி செவ்வாய்க்கிழமை காலைல செத்துப்போயிட்டா. வேலைக்குப் போக மினி பஸ்ல ஏறினவ, கந்தர்வக்கோட்டை வந்தும் எறங்கலை... கண்டக்டர் தம்பிதான் எழுப்பிப் பார்த்திருக்கு. அதே பஸ்லதான் ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போனாங்க. ஹார்ட் அட்டாக்னு சொன்னாங்க.

முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகையில அவளோட மூணு வருஷம் வேலை பார்த்த பொம்பளைங்க பதினாலு பேர். ஒருத்தியும் வரலை. ஆனா வாட்ஸ்அப் குரூப்ல பூவும் மெழுகுவர்த்தியும் அழுகுற பொம்மையுமா வந்து விழுகுது.

தெரியாதவங்களுக்குச் சொல்லிடுறேன். லூர்து ஒன்பது வருஷம் ஜெயில்ல இருந்தவ. என்ன கேஸுன்னு ரெண்டு பேர் இன்பாக்ஸ்ல கேட்டிருக்கீங்க... செத்தவளைப் பத்திக் கேட்க இதுதானா தோணுச்சு? கோர்ட் விசாரிச்சு, தீர்ப்புச் சொல்லி, அவளும் அனுபவிச்சு முடிச்சுட்டா.

வெளிய வந்தப்ப கூடப் பொறந்த அண்ணன் வீட்டுல கதவைத் திறக்கலை. கோயில்ல பூசை முடிஞ்சும் எந்திரிக்காம உட்கார்ந்திருந்தா. பக்கத்துல போய், சாப்பிட்டியான்னு கேட்டேன். "வேலை எதுவும் கெடைக்குமாக்கா? சோறு அப்புறம் பாத்துக்கலாம்"னா.

நான் அஞ்சாங்கிளாஸோட நின்னவ. பைபிள், மளிகைக் கணக்கு, மகளிர் குழு நோட்டு, இதுகளை வச்சுத்தான் எழுதப் படிக்கப் பழகினேன். நோட்டுல ஒரு பேரு தப்பா விழுந்தாக்கூட அன்னைக்குத் தூக்கம் வராது எனக்கு. அப்படிப்பட்ட நான்தான் பெரிய பொய்யாச் சொன்னேன்.

கொட்டகை வச்சிருக்கிற அண்ணன்கிட்ட, இந்தப் பொண்ணு ஒன்பது வருஷம் குவைத்துல வீட்டு வேலை பார்த்துட்டு வந்திருக்குன்னு சொல்லிட்டேன். நம்ம பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டுல... யாரும் தோண்டிக் கேட்கமாட்டாங்கன்னு நெனைச்சேன். லூர்து என் மூஞ்சியையே பார்த்தா.

அதுவே வம்பாப் போச்சு. ஒருத்தி, சென்ட் பாட்டில் ஒண்ணுகூடக் கொண்டு வரலையான்னு கேட்டாளாம். இன்னொருத்தி, எங்க வீட்டுக்காரரும் அங்கதான், நீ எந்த ஏரியான்னு. நாலாம் நாள் லூர்து, கொட்டையை உடைச்சுக்கிட்டே, தலை நிமிராம சொல்லியிருக்கா.

"குவைத் இல்லக்கா. ஜெயிலு. அங்க சென்ட் எல்லாம் தரமாட்டாங்க."

எங்கிட்ட வந்து அதைச் சொல்லிச் சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரலை. பொய் என்னோடது. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன், இங்கயும் சொல்றேன்.

முந்திரி ஓட்டுல இருந்து ஒரு பால் கசியும். பட்டா தோல் வெந்துரும். அதுக்குத்தான் நடுவுல ஒரு கிண்ணத்துல வெளக்கெண்ணெய் வச்சு, சுத்தி வட்டமா உட்கார்ந்து, எல்லாரும் தொட்டுத் தொட்டுக் கையில தடவிக்கிட்டு உடைப்பாங்க. மறுநாள் லூர்து கையை நீட்டினதும் கிண்ணம் அங்கிட்டு நகர்ந்துருச்சு.

யாரும் திட்டலை. நகர்த்தினாங்க, அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் இருமல் மருந்து பாட்டில்ல தனியா எண்ணெய் கொண்டு போய், வாசல் ஓரமா உட்கார்ந்து உடைச்சா. மூணு வருஷமும் அங்கதான். பருப்பு நொறுங்காம முழுசா எடுக்கிறதுல அவளை மிஞ்ச ஆள் இல்லைன்னு அந்த அண்ணனே எங்கிட்ட சொல்லியிருக்கார்.

ஒரு நாள் கிண்ணத்துல எண்ணெய் தீர்ந்துபோய், ஒரு அம்மாவுக்குக் கையெல்லாம் எரிச்சல். பேர் போடலை, அவங்களுக்கே தெரியும். லூர்து தன் பாட்டிலை அவங்க பக்கம் தள்ளி வச்சிருக்கா. அந்த அம்மா பாட்டிலைப் பார்த்துட்டு எந்திரிச்சு வெளிய போயிட்டாங்களாம்.

ஞாயித்துக்கிழமை பூசையில, கொப்புளம் வந்த அந்தக் கையை நீட்டித்தான் நற்கருணை அப்பம் வாங்கினாங்க. நான் அவங்களுக்குப் பின்னாடி நின்னேன்.

இன்னைக்கு அவங்க ஸ்டேட்டஸ்: "எங்கள் அன்புச் சகோதரியே, உன்னை மறவோம்."

சீ.

கொட்டகை வாசல்ல ஃபிளெக்ஸ் வேற. "உழைப்பின் சிகரம்"னு போட்டு லூர்து போட்டோ. எங்க பிடிச்சாங்கன்னு உத்துப் பார்த்தா, ஆதார் கார்டுல இருந்து எடுத்தது. மூணு வருஷத்துல ஒருத்தர்கூட அவளோட நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலை...

எங்கிட்டயும் இல்லை.

செல்வி யாருன்னு கேட்பீங்க. லூர்துவோட ஜெயில்ல இருந்த பொண்ணு. போன மாசம் வெளிய வந்துச்சு. லூர்து தன் ரூம்லயே வச்சுக்கிட்டு, கொட்டை உடைக்கப் பழக்கி விட்டா. கொட்டகை அண்ணன்கிட்டயும் அவளுக்கு வேலை கேட்டிருக்கா. யோசிக்கலாம், மத்தவுக கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா நான் என்ன பண்றதுன்னாராம்.

திங்கக்கிழமை சாயங்காலம் லூர்து என் வீட்டு வாசல்ல நின்னுட்டே சொன்னா. "நீங்க ஒரு வார்த்தை கேளுங்கக்கா. இந்தத் தடவை குவைத் வேணாம்."

அதுதான் அவ எங்கிட்ட கடைசியாப் பேசினது.

அடக்கம் முடிஞ்ச அன்னைக்கே, வாடகைக்கு விட்டவர் லூர்து ரூமைப் பூட்டிட்டார். செல்வி இப்ப எங்க வீட்டுலதான் இருக்கு.

லூர்து... உன் எண்ணெய் பாட்டிலை செல்வி பத்திரமா வச்சிருக்கு. நீ ஆண்டவர்கிட்ட போய் நிம்மதியா உட்காரு.

கொட்டகை அண்ணன், நீங்க இதைப் படிப்பீங்கன்னு தெரியும். செல்வி அஞ்சு வருஷம் ஜெயில்ல இருந்த பொண்ணு. கொட்டை உடைக்க நல்லாத் தெரியும். வேலை தருவீங்களா? வாசல் ஓரத்துல இல்ல, வட்டத்துக்குள்ள. சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லுங்க.