அக்கா பாடிய பன்னிரண்டு சுரம்

அந்த வருஷம் மழைக்கு ஏற்காட்டை விட்டுப் போகவே மனசில்லை. தை மாசம் வரைக்கும் மூடுபனியாகத் திரிந்துகொண்டிருந்தது. பகல் பதினோரு மணிக்கும் எதிர்வரிசைப் பழக்கடை தெரியாது. தொண்ணூறுகள் முடியப்போகிற நேரம். கடைவீதி மாடியில் நானும் அக்காவும் குடியிருந்தோம். அவள் ரவிக்கை தைப்பாள். நான் பள்ளிக்கூட ஆண்டுவிழாக்களுக்குக் கம்ப்யூட்டரில் இசை சேர்த்துக் கொடுப்பேன்.

அக்காவுக்குக் கழுத்தில் கழலை. மலையில் பல பேருக்கு இருந்ததுதானே என்று அவள் சட்டை பண்ணவே இல்லை. சோறு இறங்கச் சிரமமான பிறகுதான் சேலத்துக்குப் போனோம். அறுத்து எடுத்தாக வேண்டும், குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, குரல் மாறினாலும் மாறலாம் என்றார் டாக்டர். திரும்பி வருகையில் பஸ் அத்தனை வளைவும் ஏறி முடிக்கும்வரை அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே நாள் முழுக்கப் பாடுகிறவள் அவள். உன் குரல் எங்கேயும் போகாது, நான் எடுத்து வைக்கிறேன் என்று பெரிய இவளாட்டம் வாக்குக் கொடுத்தேன்.

என்னிடம் சாம்ப்ளர் என்று ஒரு விண்டோஸ் மென்பொருள் இருந்தது. சுரங்களைத் தனித்தனியாகப் பதிந்து கொடுத்தால், இசைக் கீபோர்டின் ஒவ்வொரு கட்டையிலும் ஒன்றை உட்கார வைக்கும். கட்டையை அழுத்தினால் அந்தக் குரலே பாடும். ஜன்னலுக்குக் கம்பளி கட்டி, பஸ் ஹாரன் ஓய்ந்த நேரமாகப் பார்த்து, பன்னிரண்டு சுரத்தையும் மூச்சு உள்ளமட்டும் இழுத்துப் பாடச் சொன்னேன். பிறகு ஒவ்வொரு பதிவிலும் சுரம் மட்டும் கேட்கிறமாதிரி, மிச்சத்தை வெட்டாமல், முன்னும் பின்னும் எல்லை மட்டும் குறித்துவைத்தேன். அதோடு அடுத்த ஆண்டுவிழா வேலையில் மூழ்கிவிட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழலை போனது, குரலும் போனது. காற்று மட்டும் மிஞ்சியது. ஒரு மாசம் கழித்து அந்தக் காற்றாலேயே அக்கா கேட்டாள்: "என்ற கொரல் எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு கண்ணு. ஒருக்கா போட்டுக் காட்டு."

போட்டுக் காட்ட என்னிடம் என்ன இருந்தது? யாரோ கொடுத்த பிளாப்பியில் வைரஸ் வந்து விண்டோஸ் அதற்கு முந்தின வாரமே படுத்துவிட்டது. கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க வந்த சேலத்துக்காரர், எல்லாத்தையும் அழித்துவிட்டுப் புதுசாகப் போட்டால் சரியாகிவிடும்ங்க என்று சிரித்த முகமாகச் சொன்னார். அவரை அறையலாம்போல வந்தது. இன்னொரு பிரதி எடுத்துவைக்காத மடச்சி நான்தான், அவரை அறைந்து என்ன ஆகப்போகிறது?

ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடி வீட்டில் கிடந்தது, விண்டோஸுக்குப் பதிலாக ஓடுவது. பழைய டிஸ்க்கைத் தொடாமல், வேறொரு சின்ன டிஸ்க்கில் அதை ஏற்றினேன். அங்கிருந்து பார்த்தால் அக்காவின் குரல் கோப்பு பத்திரமாக இருந்தது. ஆனால் அந்தச் சாம்ப்ளரைத் தவிர வேறெதுவும் அதைத் திறக்காது. சாம்ப்ளரோ விண்டோஸ் இல்லாமல் எழாது. விண்டோஸில்தான் இருக்கிறோம் என்று மென்பொருளை நம்பவைக்க, லினக்ஸில் வைன் என்று ஒன்று உண்டு. மத்தியானம் மத்தியானமாக அதோடு மல்லுக்கட்டினேன். ஒருநாள் திறந்தது, சத்தம் வரவில்லை. இன்னொரு நாள் சத்தம் வந்தது, பொரி பொரிவதுபோல. பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து திரைமேல் படியும். துடைத்துத் துடைத்து உட்கார்ந்திருப்பேன். எந்த நாள் எது என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஒருநாள் சரியாக வந்தாற்போல் இருந்தது. அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவள் ஒரு விரலால் நடுவில் ஒரு கட்டையை அழுத்தினாள். ஒன்றும் இல்லை. அரை மூச்சு கழித்துத்தான் வந்தது, பனிக்கு அந்தப்பக்கம் யாரோ நின்று பாடுவதுபோல. அக்காவின் கை தானாகக் கழுத்துத் தழும்புக்குப் போனது.

சுரம் முடிந்த பிறகும் ஒலி நிற்கவில்லை. என் அரைகுறை அமைப்பில், நான் குறித்த எல்லையை அது மதிக்கவே இல்லை. மூச்சு இரைந்தது. நாற்காலி கிறீச்சிட்டது. அப்புறம் அந்தப் பழைய கணீர்க் குரல்:

"எத்தனை வாட்டிடி பாடச் சொல்லுவே? காத்தாலயிருந்து நீ பச்சத்தண்ணி குடிக்கலை. எந்திரிச்சுப் போய்ச் சோறு தின்னு, எருமை!"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. எல்லையைச் சரிபண்ணிவிடுகிறேன், பாட்டு மட்டும் சுத்தமாக வரும் என்று அவசர அவசரமாக மவுஸை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாட்டு கெடக்குது உடு. உன்னை வையறக்குத்தான் நொம்ப நாளா கொரல் இல்லாமக் கெடக்கறேன்."

அதே கட்டையை மறுபடி அழுத்தினாள். மறுபடியும். கண்ணில் தண்ணீர் ஓட, குலுங்கிக் குலுங்கிச் சத்தமில்லாமல் சிரித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கொண்டே இருந்தேன்.