திரையின் நடுவில் ஒரு 'சரி'

கணினிக் கடையில் என் அக்காவுக்குப் பெயர் செட்டிங்ஸ் அக்கா. புதிதாக வாங்குகிற எவரும் அவள் மேசையைத் தாண்டித்தான் வெளியே போக முடியும். எந்த பிரவுசர் முதலில் திறக்கவேண்டும், பாட்டைத் தொட்டால் எந்தச் செயலி வரவேண்டும், எழுத்து எவ்வளவு பெரிசு, திரை எப்போது அணையவேண்டும், எல்லாம் அவள் வைத்ததுதான். "வீட்டுக்குப் போனதும் எவனும் செட்டிங்ஸ் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கமாட்டான். நான் வச்சதுதான் அவன் தலையெழுத்து" என்பாள். அதற்காக ஏனோதானோவென்று வைக்கிறவள் இல்லை. வாங்கவந்தவரைத் தன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் பின்னால் நின்றுகொள்வாள். திரையைப் பார்க்கமாட்டாள், அவர் கையைத்தான் பார்ப்பாள். கை எங்கே தயங்குகிறது, எங்கே தேடுகிறது என்று பார்த்த பிறகுதான் மேசையில் உட்காருவாள்.

வீட்டிலும் அவள் ராஜ்ஜியம்தான். "நான் எந்தச் சட்டை போடணும்கிறதையே உங்க அக்கா செட் பண்ணி வச்சிருக்கா. மாத்தற ஆப்ஷன் எங்கன்னு கல்யாணத்துலேர்ந்து தேடிட்டிருக்கேன்" என்பார் மாமா, அக்காவின் வீட்டுக்காரர்.

எங்கள் அப்பா பஸ் ஓட்டியவர். அம்மா போனபிறகு அக்கா வீட்டில்தான் இருந்தார். பக்கவாதம் வந்து பேச்சு போயிற்று, வலது பக்கமும் போயிற்று. தலையாட்டக்கூட முடியாது, இடது கை மட்டும் மெதுவாக நகரும். அக்கா விடுவாளா? பழைய கணினி ஒன்றைப் பிரித்துப்போட்டுச் சரிசெய்து, கடவுச்சொல் கேட்காமல், போட்டதும் நேராக, சொற்களைப் பொத்தான்களாக அடுக்கிய பேசும் பலகை திறக்கிற மாதிரி வைத்தாள். மவுஸுக்குப் பதில் உள்ளங்கையால் உருட்டுகிற ஒரு பந்து. விரலால் அழுத்த அவருக்குத் தெம்பில்லை. அதனால் பந்தை உருட்டியபிறகு அம்புக்குறி ஒரு பொத்தானின்மேல் கொஞ்சம் நின்றாலே அந்தச் சொல்லைக் கணினி உரக்கச் சொல்லிவிடும். திரையின் நடுவில், எல்லாவற்றையும்விடப் பெரிதாக, 'சரி'. சுற்றிலும் தண்ணீர், வலி, தூக்கம் இன்னும் சில. கீழே மூலையில் 'வேண்டாம்'. அவர் கைக்குச் சிரமம் கூடாதென்று, ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் அம்புக்குறி தானாகவே நடுவுக்குத் திரும்பிவிடும்.

முதல்நாள் அந்த இயந்திரக் குரல் "சரி" என்றபோது நாங்கள் மூன்று பேரும் அழுதோம். பிறகு எதைக் கேட்டாலும் சரிதான். டிவியை அணைக்கவா? சரி. சாதம் கொஞ்சம் குழைவாக இருக்கட்டுமா? சரி. சாப்பாடு ஒட்டுகிறது, மீசையை எடுத்துவிடலாமா? சரி, சரி. அக்காவே எடுத்துவிட்டாள். மீசை இல்லாத அந்த முகத்தைப் பார்த்து நான் ஆடிப்போனேன். அப்பாவுக்கு என்ன வந்தது? டெப்போவில் இவரோடு வாய்கொடுத்து ஜெயித்தவர் ஒருத்தர் இல்லை. செருப்பு வாங்கப் போனால்கூடக் கடைக்காரனைக் கதறவைத்துவிடுவார்.

அப்புறம் அந்தப் பேச்சு வந்தது. அக்கா வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பகலில் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விடுவார்கள். நான் இருப்பதோ கட்டில் போட்டால் கதவு திறக்காத ஒற்றை அறை. ஊருக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் காலியானது. போகிறீர்களா என்று அப்பாவிடமே கேட்டோம். "சரி. சரி. சரி."

வேன் வருகிற அன்று காலையில் நான் போனபோது பை கட்டி வாசலில் இருந்தது. அப்பா சக்கர நாற்காலியில் கணினிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது. எனக்கோ கோபம் மூக்கின்மேல் இருக்கும். இப்போது உச்சிக்கே போய்விட்டது.

"இந்த மூஞ்சியைப் பாரு. இது இஷ்டப்பட்டுக் கிளம்பற மூஞ்சியாக்கா?"

"அவர் வாயாலயே சொன்னார்டி. நீயும்தானே கேட்டுட்டிருந்தே?"

"அவர் வாய் எங்க சொல்லுச்சு? உன் பெட்டி சொல்லுச்சு!"

"இதப் பாரு, உன்னாலயும் வச்சுக்க முடியாது, என்னாலயும் முடியல. வேன் வர்ற நேரத்துல வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதே."

கீழே ஹாரன் அடித்தது. மாமா ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்து, "வந்துட்டாங்க" என்றார். அவர் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவின் முன்னால் போய் நின்றேன். "அப்பா, நான் உங்க பொண்ணே இல்ல. குப்பைத்தொட்டியில கிடந்தவ. அப்படித்தானே?"

"சரி" என்றது கணினி. "சரி. சரி."

அடப் பாவமே என்று மாமா முனகினார். அப்பாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்து, மீசை இல்லாத உதட்டில் இறங்கியது. அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துகிடந்தது. கை மட்டும் பந்தை விடவில்லை.

அக்கா என் பக்கம் பாய்ந்து வந்தவள் பாதியில் நின்றாள். அவள் திரையைப் பார்க்கவில்லை. கடையில் நிற்பதுபோல நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, அப்பாவின் கையைப் பார்த்தாள். அந்தக் கை கீழ்நோக்கி, மூலையை நோக்கி, இம்மி இம்மியாகப் பந்தை உருட்டிக்கொண்டிருந்தது. பெரிய பொத்தானின் ஓரத்தைத் தாண்டுவதற்குள் "சரி" என்றது கணினி. அம்புக்குறி நடுவுக்குத் திரும்பியது. கை மறுபடியும் முதலிலிருந்து உருட்டத் தொடங்கியது.

"ஐயோ" என்றாள் அக்கா. "கடைக்கு வர்றவன் கையையெல்லாம் பார்த்தேனே. எங்கப்பா கைதானே, எனக்குத் தெரியாதான்னு விட்டுட்டேனே."

கதவு தட்டப்பட்டது. "ஐயாவை இறக்கலாங்களா?" என்றார் வேன் டிரைவர். இன்னும் இரண்டு இடம் போகவேண்டுமாம்.

"கொஞ்சம் இருங்க!" என்று அக்கா கத்தினாள். விசைப்பலகையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவசரத்தில் திரையில் ஏதோ ஒரு ஜன்னல் திறந்து மூடியது, இன்னொன்று திறந்தது. டிரைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாமா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அக்கா 'சரி'யைப் பாதியாகச் சுருக்கி, மேலே ஒரு மூலைக்கு இழுத்தாள். நடுவில் எதையும் வைக்கவில்லை. அம்புக்குறி நிற்கவேண்டிய நேரத்தையும் கூட்டினாள்.

"இனிமே சரின்னு சொல்லணும்னாலும் அவர் போய்த்தான் சொல்லணும்" என்றாள், யாரிடம் என்று இல்லாமல். பிறகு அப்பாவின் முகத்துக்கு நேரே மண்டியிட்டாள். "அப்பா. அந்த இடத்துக்குப் போறீங்களா?"

பந்து உருண்டது. அம்புக்குறி காலியான நடுவிலிருந்து கிளம்பி, நின்று, நகர்ந்து, நின்றது. கணினி வாயைத் திறக்கவில்லை. அம்புக்குறி கீழ்மூலைக்குப் போய்ச் சேர்ந்தது.

"வேண்டாம்."

"வேனைத் திருப்பி அனுப்பிடவாப்பா?"

இந்தமுறை மேலே ஏறவேண்டும். ஏறினார். "சரி."

மாமா டிரைவரைத் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு படியிறங்கினார். நாளைக்கு யார் பார்த்துக்கொள்வது, என் வேலை என்ன ஆவது, ஒன்றும் தெரியவில்லை. தெரியாவிட்டால் போகிறது என்றிருந்தது. வாசலில் இருந்த பையைத் தூக்கி உள்ளே வைத்தேன்.

அக்கா எழுந்திருக்கவில்லை. "மீசையை எடுக்கட்டுமான்னு கேட்டேனே, அப்பவும்..." என்று அவர் மேலுதட்டைத் தொட்டாள்.

"வேண்டாம்" என்றார் அப்பா.

"குழைஞ்ச சாதம்?"

"வேண்டாம்."

கேட்பதற்கு அவளிடம் வேறு கேள்வி இல்லை. அப்பா நிறுத்துவதாக இல்லை. அத்தனை வாரமும் பாக்கி வைத்திருந்த 'வேண்டாம்'களை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச்சொல்ல, அக்கா அவர் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.