பெரியம்மாவின் கச்சேரிக் கூடம்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் தாழம்பூ வாசம் வந்தால், அலங்காநல்லூர் ரோட்டில் இப்போது பிளாட்டுகளாகிவிட்ட பெரியம்மாவின் பங்களாவுக்குள் போய்விடுகிறேன். அம்மாவின் பெரியப்பாவுக்கு ஒரே மகள் அவர். தோப்பும் வயலும் அவருக்கே வந்தன, விளைந்ததெல்லாம் பாட்டுக்காரர்களுக்குப் போனது. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் கூடத்தில் ஜமக்காளம் விரித்து, மூலைக்கு மூலை தாழம்பூ வைத்து, தம்புராவின் ரீங்காரம் எழுந்ததும் பெரியம்மா மேடையை ஒட்டி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அவருக்குக் காது மந்தமானது. யாரிடமும் சொல்லாமல் கச்சேரிகளை நடத்திக்கொண்டிருந்தார். ஆனால் பாடுகிறவர்கள் கண்டுகொண்டார்கள். வாரத்துக்கு வாரம் பாட்டு தேய்ந்து, கடைசியில் சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்தார்கள். மிருதங்கத்தின் மேல் விரல்கள் சும்மா ஆடின. பெரியம்மா தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். அவரிடம் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பெரியம்மா மேடைப் பலகையில் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"பலகை அதிரலையே," என்றார்.

பாடுகிறவர்கள் வாயசைப்பதை நிறுத்தியதும் பெரியம்மா பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"சரி, இலை போட்டாச்சு. சாப்பிட்டுப் போங்க."

அவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் கச்சேரி நடக்கவில்லை.

எல்லோரும் போனதும் பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம்புட்டு நாளாடி இப்படி?"

அம்மா அழுதுகொண்டே சொன்ன பதில் அவர் காதில் விழவில்லை. அவர் மறுபடி கேட்கவும் இல்லை.