சாமிக்குக் காது வலிக்குமா

எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஒரு பிள்ளை மற்ற பிள்ளைகளைப் போல் இல்லையென்றால், அதற்கு இரண்டு வேலைகள்தான் காலியாக இருந்தன. ஒன்று கிறுக்கு, மற்றொன்று சாமி. ரதிக்கு இரண்டுமே கிடைத்தன. வருஷத்தில் ஒரு நாள், மாரியம்மன் திருவிழாவன்று, அவள் சாமி. மீதி நாளெல்லாம் கிறுக்கு. ஒரே ஆளுக்கு இரண்டு உத்தியோகம் போட்டுக் கொடுத்த பெருமை மலேசியாவில், இந்த ரந்தாவ் வட்டாரத்தில், எங்களுக்குத்தான் உண்டு.

நான் இசபெல், அவளுக்குப் பக்கத்து வீடு. என் அப்பா அந்தோணிதாஸும் அவள் அப்பாவும் அடுத்தடுத்த நிரையில் பால்மரம் சீவினவர்கள். தமிழ்ப்பள்ளியில் நாங்கள் ஒரே பெஞ்சு. இப்போது செனாவாங்கில் ஒரே தொழிற்சாலை, ஒரே ஷிப்டு, ஒரே மோட்டார். நான் ஓட்டுவேன். அவள் பின்னால் உட்கார்ந்து, நான் சிக்னல் போட மறந்தால் முதுகில் தட்டுவாள். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தடவைகூடத் தப்பாகத் தட்டியதில்லை என்பது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

சின்ன வயதில் அவள் செய்த குற்றங்களைச் சொல்கிறேன். கோயில் வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளைப் பெரிசு சிறிசு பார்த்து வரிசையாக அடுக்குவாள். கல்யாண வீட்டில் யாராவது கன்னத்தைக் கிள்ள வந்தால் கையைத் தட்டிவிடுவாள். சோற்றில் குழம்பு பட்டால் தட்டையே தொடமாட்டாள். "சாப்பிட்டியா?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டால், என்ன சாப்பிட்டாள், ரசத்தில் புளி ஏன் தூக்கலாக இருந்தது என்பது வரை முழு விவரமும் வரும். மங்கம்மா ஆண்டி புதுச்சேலை என்று காட்டியபோது, "இது போன தீபாவளிக்கு ஒங்க தங்கச்சி கட்டுனது" என்றாள். பொய் சொல்லக்கூடாது என்று பள்ளியில் எங்கள் எல்லாருக்கும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதை நம்பிய ஒரே பிள்ளை ரதி. ஊர் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்தது. அவள் அம்மா செல்லம் ஆண்டி வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவார்.

பிறகு அந்தத் திருவிழா வந்தது. அப்போது நாங்கள் சின்னப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். கரகம் இறங்கும் நேரம், உறுமி மேளக்காரர்கள் சுற்றி நின்று முழு வேகத்தில் அடித்தார்கள். ரதி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தினாள். அம்மா மடியில் முகத்தைப் புதைத்துப் பார்த்தாள். அதற்கும் அடங்காமல் தரையில் விழுந்து புரண்டாள். காது வலித்த பிள்ளை என்ன செய்யுமோ அதைத்தான் செய்தாள். ஆனால் எங்கள் ஊருக்குக் காதுவலி தெரியாது, அருள்தான் தெரியும். "சாமி வந்துருச்சு" என்றார் யாரோ. ஒரு குடம் மஞ்சள் தண்ணி தலையில் விழுந்தது. வேப்பிலையால் அடித்தார்கள். கோயில் தலைவர் வீரமுத்து, அப்போது தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தவர், மேளத்தை இன்னும் கிட்ட வரச்சொல்லி அவள் முன்னால் கைகட்டி நின்று, "யாரு தாயி வந்திருக்கறது, என்ன வேணும்?" என்று கேட்டார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று ரதி அலறினாள்.

மேளத்தைத்தான் நிறுத்தச் சொல்கிறாள் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்த வாரம் மங்கம்மா ஆண்டி, அம்மன் வாக்கு என்று தன் மகளின் நிச்சயதார்த்தத்தை நிறுத்தினார். அந்த மாப்பிள்ளைக்கு ஜொகூரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது கொஞ்ச நாளில் தெரிந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. அதோடு ரதியின் தலையெழுத்தும் முடிந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு திருவிழாவிலும் அவளை மேளத்துக்கு நடுவில் நிறுத்தினார்கள். அவள் துடித்தாள், இவர்கள் குறி கேட்டார்கள். "சாப்பாட்டுக் கடைக்கு இந்த இடம் சரி வருமா தாயி?" என்று கேட்டவரிடம், "ஒங்க நாசி லெமாக் நல்லாவே இல்ல" என்றாள். அது தெய்வ வாக்காம். அதையே பிறகு ஒருநாள் கடையில் சொன்னபோது வாய்த்துடுக்கு. திருவிழா முடிந்த பிறகு சில நாள் அவள் பேசமாட்டாள், போர்வைக்குள்ளேயே கிடப்பாள். சாமி இறங்கின களைப்பு என்று ஊரே மரியாதையோடு வீட்டைத் தாண்டிப் போகும்.

எங்கள் சபை ஆட்கள் மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. அப்பா ஒருமுறை நல்லெண்ணத்தில் அவளை எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு அழைத்துப் போனார். கிட்டார், டிரம்ஸ், ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர். ரதி வழக்கம்போலக் காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். இங்கே அதற்குப் பெயர் பிசாசு. தலையில் கைவைத்து இன்னும் சத்தமாக விரட்டினார்கள். கோயிலில் சாமி, கூட்டத்தில் பிசாசு. ஆனால் இரண்டு இடத்து ஸ்பீக்கரும் ரந்தாவில் ஒரே கடையில் வாடகைக்கு எடுத்தவை.

செல்லம் ஆண்டியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. மன்னிப்புக் கேட்டே பழகிய பெண்ணை, அந்த ஒரு நாள் எல்லாரும் முன்வரிசைக்கு அழைத்தார்கள். பிள்ளை வளர்க்கத் தெரியாதவள் என்று சொன்ன வாய்களே சாமியைப் பெற்ற புண்ணியவதி என்றன. யாருக்குத்தான் அது கசக்கும்?

தோட்டத்தை விற்றார்கள், பால்மரம் போய்ச் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை வந்தது, நாங்கள் ரந்தாவில் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்தோம். கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் அங்கேயே நின்றது. திருவிழாவும் தொடர்ந்தது, ரதியின் உத்தியோகமும் தொடர்ந்தது. வேறெல்லா வேலைக்கும் ஓய்வு வயது இருக்கிறது, சாமி வேலைக்கு மட்டும் கிடையாது.

செனாவாங் தொழிற்சாலையில் தகடு அடிக்கும் செக்‌ஷனில் எங்களுக்கு வேலை. முதல் நாளே சூப்பர்வைசர் ஆளுக்கொரு இயர்மஃப் கொடுத்தார். இரண்டு காதையும் கிண்ணம் கவிழ்த்ததுபோல மூடும் சாதனம், மஞ்சள் நிறம். போடாமல் உள்ளே வந்தால் வார்னிங் என்றார். ரதி அதை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. இரும்பு அடிக்கிற இடத்தில் காதை மூடச் சட்டம் இருக்கிறது. சாமி கும்பிடுகிற இடத்தில் மூடினால்தான் குற்றம்.

ஒருநாள், மெஷினை ஓடவிட்டு இயர்மஃப் இல்லாமல் நின்ற புதுப் பையனிடம் அவள் விதியைச் சொல்லி, அவன் கேட்காததால் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டாள். செக்‌ஷன் முழுக்க இருட்டு. நிர்வாகம் கோபத்தில் அவளைக் கிளினிக்குக்கு அனுப்பியது. கிளினிக் டாக்டரம்மா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பல மாதம் காத்திருந்து, பல பேர் பேசிப் பார்த்து, கடைசியில் ஆட்டிசம் என்றார்கள். பிறவியிலேயே மூளை அப்படி அமைந்தது, நோய் இல்லை, சத்தமும் தொடுதலும் இவளுக்கு நம்மைவிடப் பல மடங்காகப் போய்ச் சேரும் என்று விளக்கினார் டாக்டர்.

"அது சின்னப் புள்ளைங்களுக்கு வர்றது தானே டாக்டர்? இவளுக்கு முப்பது தாண்டிருச்சே" என்றார் செல்லம் ஆண்டி.

"நானும் சின்னப் புள்ளையா இருந்தேன்மா" என்றாள் ரதி.

செய்தி தாமானில் பரவியது. ஆட்டிசமா, ஐயோ பாவம் என்றார்கள். ஆட்டிசமா, நல்லாத்தானே பேசுறா என்றார்கள். வீரமுத்து மட்டும் தெளிவாக இருந்தார். அது டாக்டருக்கு ஆட்டிசம், நமக்கு அம்மன் என்றார்.

இதற்கெல்லாம் நடுவில் ரதிக்கு ஓர் ஆசை இருந்தது. அவளைப் போல பக்தி உள்ளவளை நான் பார்த்ததில்லை. கூட்டம் இல்லாத நாளில் போய்க் கோயிலைக் கழுவிவிட்டு, அம்மன் முன்னால் நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். ஆனால் அலங்காரத்தோடு அம்மன் கதவைத் தாண்டி ரதத்துக்கு வருகிற அந்த ஒரு நிமிஷத்தை அவள் பார்த்ததே இல்லை. அப்போதுதான் மேளம் உச்சத்துக்குப் போகும், அவள் தரையில் கிடப்பாள். சில நாள் கழித்து அவளுக்குப் பேச்சு திரும்பியதும் மோட்டாரில் என்னிடம் கேட்பாள்: "அம்மன் என்னா கலர் சேல?" நான் வெளியே வேலிப்பக்கம் நின்று தலைகளுக்கு மேலே எட்டிப் பார்த்ததை வைத்து ஏதாவது சொல்வேன். அம்மனே இறங்குகிறாள் என்று சொல்லப்பட்டவள், அம்மனைப் பற்றி அந்தோணிதாஸ் மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

இந்த வருஷம் அவள் முடிவு செய்துவிட்டாள். "இயர்மஃப் போட்டுக்கிட்டு வரேன். அம்மன் வெளிய வர்றத பாக்கணும்" என்றாள்.

செல்லம் ஆண்டிக்கு முகம் விழுந்தது. "சாமி முன்னுக்கு மிஷின மாட்டிக்கிட்டா? நாலு பேரு என்னடி சொல்வாங்க?"

"நாலு பேருக்குமேல வருவாங்கம்மா."

திருவிழாவுக்கு முந்தின வாரம் வீரமுத்துவே வீட்டுக்கு வந்துவிட்டார். நானும் இருந்தேன். மைலோவை உறிஞ்சிக்கொண்டே பேசினார். "இங்க பாரு செல்லம், அருள் இல்லாம ஊர்வலம் கெளம்பாது. சிரம்பான்லேர்ந்துகூட ஆளுங்க வர்றாங்க. இவ சாமிம்மா. சாமிக்குக் காது வலிக்குமா?"

"எனக்கு வலிக்கும்" என்றாள் ரதி.

"ஒரே நாளு தானே லா."

"போன வருஷமும் ஒரே நாளுன்னுதான் சொன்னீங்க."

அவர் மைலோவை வைத்துவிட்டு எழுந்தார். செல்லம் ஆண்டி வாசல்வரை போய் மன்னிப்புக் கேட்டார். பழக்கம் எங்கே போகும்.

திருவிழா மாலையில் ரதி மஞ்சள் சேலை, தலையில் பூ, அதே மஞ்சளில் இயர்மஃப். பொருத்தம் பார்த்துத்தான் சேலை எடுத்ததாக என்னிடம் சொன்னாள். வாசலில் செருப்புகளை அடுக்கிவிட்டு உள்ளே போனாள். கூட்டம் வழிவிட்டது. உறுமி ஆரம்பித்தது. ரதி நிமிர்ந்து நின்று, மூடியிருந்த சன்னிதித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் திரையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேளம் வேகம் பிடித்தது. அவள் விழவில்லை. வீரமுத்து கையசைக்க, மேளக்காரர்கள் அவளைச் சுற்றி வளைத்தார்கள். அப்போதும் விழவில்லை. பக்கத்தில் செல்லம் ஆண்டி, எந்த நிமிஷமும் பிடிக்கத் தயாராக, இரண்டு கையையும் நீட்டியபடி நின்றார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்கள் தலைவர் பூசாரிக்கும் ஒரு படி மேல். "அருளுக்கு இது தடையா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்து, இயர்மஃபை அவள் தலையிலிருந்து உருவி எடுத்துவிட்டார்.

ரதி அப்படியே மடங்கி உட்கார்ந்தாள். கையால் காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். குடத்துத் தண்ணி விழுந்தது. கூட்டத்துக்கு நிம்மதி. நான் வேலியைத் தாண்டி ஆட்களைத் தள்ளிக்கொண்டு போனேன், ஆனால் அந்த நெரிசலில் நடுவழிக்கு மேல் நகர முடியவில்லை.

"நிறுத்துங்க" என்று ரதி அலறினாள்.

வீரமுத்து கையைத் தூக்கினார். மேளம் நின்றது. "அம்மா நிறுத்தச் சொல்றா. என்ன கொற தாயி, சொல்லு."

அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அம்மனுக்கு மேளம் பிடிக்கவில்லை என்று அவர்களே முடிவு கட்டி, அந்த வருஷம் முழுக்க அடிக்காமல் விட்டிருப்பார்கள். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் பொய் சொல்லக்கூடாது என்று பள்ளியில் சொன்னதை நம்பியவளாயிற்றே.

"அம்மன் சொல்லல" என்றாள் மூச்சு வாங்க. "நான் சொல்றேன். நான் ரதி. சத்தம் வலிக்குது. அதக் குடுங்க."

சாமி சொல்லியிருந்தால் உடனே நடந்திருக்கும். ஒரு பெண் சொன்னதால் யோசிக்க வேண்டியிருந்தது. வீரமுத்து அதிகம் யோசிக்கவில்லை. "இன்னும் முழுசா எறங்கல, அடிங்கடா" என்றார்.

உறுமிக்காரன் கோலைத் தூக்குவதற்குள் செல்லம் ஆண்டி நடுவில் வந்து நின்றார். நீட்டியே இருந்த கை, வீரமுத்துவின் கையிலிருந்து இயர்மஃபைப் பிடுங்கியது. குனிந்து மகளின் தலையிலிருந்த மஞ்சள் தண்ணியை முந்தானையால் துடைத்து, அதைக் காதில் மாட்டி, நசுங்கிய பூவையும் சரிசெய்தார்.

"சாமி உள்ள இருக்கு மண்டோரண்ணே. இன்னும் வெளிய வரல" என்றார். "இது எம்மவ."

வாழ்நாளில் முதல் தடவையாக அவர் மன்னிப்புக் கேட்காமல் ஒரு வாக்கியத்தை முடித்தார். வீரமுத்து வாயைத் திறந்தார். அதற்குள் பின்வரிசையில் மங்கம்மா ஆண்டி கூந்தலை அவிழ்த்துக்கொண்டு ஆட ஆரம்பித்தார். பதவி காலியானது அவருக்குத்தான் முதலில் தெரிந்தது. குடம், வேப்பிலை, மேளம், தலைவர் எல்லாம் ஒரே ஓட்டமாக அங்கே போய்விட்டன. வழி கிடைத்ததில் நானும் ரதிக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தேன்.

திரை விலகியது. விளக்குகளுக்கு நடுவில் அம்மன் ஆடி ஆடி வெளியே வந்தாள். ரதி எழுந்து நின்று, இமைக்காமல், பாதத்திலிருந்து கிரீடம் வரை பார்த்தாள்.

"பச்ச சேல" என்றாள். "ஓரம் செவப்பு. கழுத்துல எலுமிச்ச மாலை."

சொல்லிக்கொண்டே அம்மா பக்கம் திரும்பினாள். செல்லம் ஆண்டி ரதத்தைப் பார்த்தபடி தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை திருவிழாவிலும் அந்த நிமிஷத்தில் தரையில் கிடந்த மகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தவர் அவர்தான். அம்மன் வெளியே வருவதை அவரும் பார்த்ததில்லை.

ரதி அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு தன் காதிலிருந்ததைக் கழற்றி, நீட்டினாள்.

"ஒனக்கும் வலிக்குதாம்மா?"

"ஆமாடி" என்றார் செல்லம் ஆண்டி. அதை வாங்கி, மறுபடி அவள் காதிலேயே மாட்டிவிட்டார்.